இலவச ஆஸ்பத்திரி

திரேசாக்கா. அவருடைய மகள் ஜெனிற்றா. பாதர். மனேஜர். மனேஜரின் மனுசி. குலம். என் மனுசி. கடைசியாக நான், கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் பனிச் சப்பாத்துகளைக் கழற்றிப் போட்டிருந்த இடத்துக்குக் கிட்ட.

இவ்வளவு பேர்தான் அன்று இருந்தது. கோட்-டெ-நெய்ஜில், திரேசாக்காவின் நாலரை வீட்டில். மொன்றியலில் வீட்டை அரைக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்த அரை என்பது குளியலறை. வந்த புதிதில் நான் அரை என்றால் கட்டி முடிக்காமல் விட்ட அறை என்று நினைத்தேன். கட்டட வேலைக்காரன் புத்தி.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மாசி மாதம். சவிரி அண்ணையின் ஆண்டுப் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சவிரி அண்ணை திரேசாக்காவின் புருசன், ஜெனிற்றாவின் தகப்பன். லிபியாவில் செத்தவர். அவரும் குலமும் நானும் அங்கே கட்டட வேலைக்குப் போய் ஒரே காம்பில் இருந்தோம். மனேஜரும் அங்கேதான் இருந்தார், எங்களுக்கு மேல். மொன்றியலில் அவர் ஒன்றுக்கும் மனேஜர் இல்லை. ஆனாலும் பேர் கப்பல் ஏறி வந்துவிட்டது.

இதை ஏன் இப்போது எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எழுதுகிற ஆள் இல்லை நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். போன கிழமை தலைமயிர் வெட்டப் போனதால் வந்த வினை இது. வெட்டுகிறவர் எங்கள் ஆள், முப்பது வயது இருக்கும். கைபேசியைக் கண்ணாடிக்குக் கீழே சாத்தி வைத்துவிட்டு வெட்டினார். அதில் ஒரு குரல், கலியாண மண்டபத்தில் அறிவிப்புச் செய்கிறவர் மாதிரி, தமிழில் அடுக்கிக்கொண்டே போனது. லிபியாவில் அப்போது கரண்டுக்குக் காசில்லை. வைத்தியம் இலவசம். படிப்பு இலவசம். இருக்க வீடு. ரொட்டி விலை விலையே இல்லை. எல்லாம் ஒரே ஒரு தலைவர் செய்தது. அவரையும் கொன்றுவிட்டார்கள் பாவிகள்.

"அப்பிடி ஒரு ஆள் எங்கட சனத்துக்கு வாய்க்கேல்லையே அண்ணை," என்றார் தம்பி. கத்தரிக்கோல் நின்றது. "நீங்களும் அங்க நிண்டனீங்களாமே?"

"ஓம்."

"உவை சொல்லுறதெல்லாம் உண்மையோ?"

"உண்மை."

"பாத்தீங்களே!" என்று சொல்லிவிட்டுக் காதுப் பக்கம் வெட்டத் தொடங்கினார்.

அவ்வளவுதான் கதைத்தோம். எனக்குக் கதை குறைவு. ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் போகவில்லை. அது சொன்னதில் பெரிதாகப் பொய் ஒன்றும் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தவன். அதுதான் என்னைத் தின்றது.

அந்த வீடுகளைக் கட்டினவர்களில் நாங்களும் ஒரு பகுதி. கடற்கரைப் பட்டணம் ஒன்றுக்கு வெளியே, வெட்டையில், வரிசை வரிசையாக மாடி வீடுகள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. சவிரி அண்ணையும் நானும் தரைக்கு ரைல்ஸ் பதித்தோம். குலம் சீமெந்து குழைத்தான். அவனுக்கு அப்போதே வாய் நீளம். பாலும் தேனும் ஓடுகிற நாட்டில் நமக்கு மட்டும் சீமெந்துத் தண்ணி ஓடுது என்பான்.

ஒரு கட்டடம் முடிந்ததும் குடும்பங்கள் வரும். லொறி நிறையக் கம்பளி, பாய், பிள்ளைகள். ஒரு குடும்பம் மூன்று செம்மறியையும் கொண்டுவந்து மேல் மாடி பல்கனியில் கட்டியது. கூடாரத்தில் பிறந்த சனம் அது. வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை வைத்துவிட்டு ஒரு கிழவர் எங்கள் முன்னாலேயே அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. தலைவரின் படத்தை முத்தமிட்டார். அதுவும் அன்றைக்குப் பொய்யாக இருந்திருக்காது.

நாங்கள் தகரக் கூடுகளில் இருந்தோம், ஒன்றுக்கு எட்டுப் பேர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டுகிறவன் எங்கே கட்டின வீட்டில் இருந்திருக்கிறான்.

ரொட்டிக் கடைக்காரர் எங்களிடம் பாதி நாள் காசு வாங்கமாட்டார். அந்த ஊர் ரொட்டி அவ்வளவு மலிவு. மிஞ்சினதை மூட்டையாகக் கட்டிச் செம்மறிகளுக்குப் போடுவார்கள். நடுப்பகலிலும் தெரு லைட் எரியும். அணைக்க ஒருவருக்கும் மனம் வராது. இங்கே மொன்றியலில் பனிக்காலத்து கரண்ட் பில் வரும்போது மனுசி வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு லைட்டாக அணைப்பாள். நான் இருட்டில் இருந்துகொண்டு அந்தத் தெரு லைட்டுகளை நினைப்பேன். ரேடியோவை அணைத்தமாதிரி நினைப்பை அணைக்க முடிவதில்லை.

படம் எங்கும் இருந்தது. எங்கள் சாப்பாட்டுக் கொட்டகையிலும் ஒன்று. அந்த நாட்டு எஞ்சினியர் ஒருவர், நல்ல மனுசன், ஒரு நாள் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அவருடைய தேநீர்க் கிளாஸ் மேசையில் கன நாள் இருந்தது. ஒருவரும் எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. வாயை மூட நான் பழகினது அங்கேதான். மனுசி இன்றைக்கும் சொல்லுவாள்: "உங்களோட கதைக்கிறதுக்குச் சுவரோட கதைக்கலாம். சுவரெண்டாலும் எதிரொலிக்கும்."

மனேஜருக்கு வருகிறேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ், உடைந்த அரபு எல்லாம் கதைப்பார். அதனால் கொம்பனி எங்களை அவரிடம் கொடுத்தது. எங்கள் பாஸ்போட்டுகள் அவருடைய அலுமாரியில். காம்பை விட்டு வெளியே போக அவருடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாமல் றோட்டில் பிடிபட்டால் மறியல், கம்பிக்குள்தான். காம்புக்கு ஒரு பிக்கப் வாகனம் இருந்தது. அதன் திறப்பும் அவருடைய இடுப்பில்.

அங்கே அரசாங்கப் பெரிய கடைகள் இருந்தன. அந்த நாட்டுக் குடும்பங்களுக்குக் கூப்பன் காட் உண்டு, அதற்கு அரிசி, எண்ணெய், மா, தக்காளி பேஸ்ட் எல்லாம் சும்மா மாதிரி விலையில். எங்களுக்குக் காட் இல்லை. மனேஜர் யாரோ ஒருவரின் காட்டை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வேலை இல்லாத நாள். பிக்கப் அன்று அந்தக் கடைகளுக்குப் போகும். நிறைய ஏற்றி வரும். அந்தச் சாமானை அவர் எங்களுக்கே மூன்று மடங்குக்கு விற்றார். தலைவர் தன் சனத்துக்குக் கொடுத்த தக்காளி பேஸ்ட்டில் எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினார். என் வீட்டில் இன்றுவரை அந்தத் தக்காளி ரின் வாங்குவதில்லை. யார் வீட்டிலாவது அதை எண்ணெயில் வதக்கும் மணம் வந்தால் வெளியே போய் நிற்பேன். மனுசி ஆட்களுக்கு, "இவருக்குக் காத்து வேணும்," என்று சொல்லிச் சமாளிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை சவிரி அண்ணை வேலைக்கு எழும்பவில்லை. வயிற்றுக்குத்து. சத்தி எடுத்தார். வலது காலை மடித்தபடி கிடந்தார், நீட்ட ஏலாது. நான் மனேஜரிடம் போனேன். அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"கசிப்புக் குடிச்ச வயிறு. உப்புத் தண்ணி குடுங்கோ," என்றார்.

காம்பில் சிலர் சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் கசிப்பு வடித்தது உண்மை. குடி தடை செய்த நாடு, ஆனாலும் ஆட்கள் வடித்தார்கள். சவிரி அண்ணை தொடுவதில்லை. எனக்கும் பெரிதாகப் பிடிக்காது, ஆனால் தொட்டிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் போனேன். பிக்கப்பைத் தாருங்கள் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை பிக்கப் தரேலாது," என்றார். அப்போ ஒரு போன் எடுங்கள் என்றேன். "கொம்பனிக்கு நான் என்ன சொல்லுறது? காம்பில குடிச்சுப் போட்டுக் கிடக்கிறாங்கள் எண்டோ?" என்றார். பிக்கப் போய்விட்டது.

குலமும் நானும் சவிரி அண்ணையைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கேற்றுக்குப் போனோம். காவல்காரன் கையெழுத்துக் கேட்டான். கையெழுத்து இல்லை. கம்பளியைக் கீழே வைத்துக் கும்பிட்டோம். அவன் எங்களைவிடப் பயந்தவன். திருப்பி அனுப்பினான்.

மத்தியானம் தாண்டிச் சவிரி அண்ணை கத்துவதை விட்டார். நோ குறைந்துவிட்டது என்று நினைத்தோம். பின்னேரம் பிக்கப் வந்தது. முதலில் ரின் பெட்டிகளை இறக்கினார்கள். பிறகுதான் சவிரி அண்ணையை ஏற்றினார்கள். ஏற்றும்போது அவர் இல்லை.

இத்தாலிக்காரர் காலத்துச் சேமக்காலை ஒன்று அங்கே இருந்தது. அதில் குழி வெட்டித் தாட்டோம். மனேஜர்தான் செபம் சொன்னார். நல்ல குரல் அவருக்கு.

ஊருக்குச் செய்தி அனுப்பினதும் அவர்தான். கசிப்புக் குடித்துச் செத்தார், ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதே உயிர் இல்லை, கூடக் குடித்தது நானும் குலமும். மன்னாரில் ஒரு சின்ன ஊர் அது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் பிறகு வேறு செய்தி ஏறாது. ஊருக்குத் திரும்பினதும் நான் திரேசாக்காவைக் கண்டு உண்மையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். சேர்ந்து குடித்தவன் வேறு என்ன சொல்லுவான் என்று அந்தப் பார்வையில் இருந்தது. கோபிக்கவில்லை நான். அவருடைய இடத்தில் நானும் மனேஜரைத்தான் நம்பியிருப்பேன்.

பிறகு சண்டை, ஓட்டம், மொன்றியல். நான் முதலில் வந்தேன். குலம் அடுத்தது. திரேசாக்காவையும் பிள்ளையையும் அவருடைய தம்பி ஸ்பொன்சர் பண்ணினார். மனேஜரும் வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் வீடு, கராஜ், பின்னால் தக்காளிச் செடி. கோவில் சபையில் முதல் வரிசை. நத்தாருக்கு நத்தார் திரேசாக்காவுக்குக் கேக் அனுப்புவார். "என்ர மனுசனைத் தாட்டவர்," என்று திரேசாக்கா அந்தக் கேக்கை இரண்டு கையாலும் வாங்குவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஜெனிற்றா வளர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கிக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கிற வேலை, பின்னேரத்தில் தாதிப் படிப்பு. என்னைச் சித்தப்பா என்பாள். தகப்பனின் படம் அவர்கள் வீட்டில் இல்லை. இருந்தது, மேசை லாச்சிக்குள். தகப்பன் பேச்சு வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் நிலவறை மண்டபத்தில் கோப்பி. மனேஜர் அவளுடைய தலையில் கையை வைத்துப் பத்துப் பேருக்குக் கேட்கச் சொன்னார்: "அப்பா தங்கமான மனுசன் பிள்ளை. அந்த ஒரு பழக்கம்தான். நீ ஒண்டுக்கும் வெக்கப்படாதை."

பிள்ளை தலையைக் குனிந்தது. அவருடைய கை தலையிலேயே இருந்தது.

என் கோப்பி கையில் ஆறிப்போயிற்று. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இது அந்த ஆளின் வாயாலேயே வரவேண்டும். என் வாய் செல்லாது, குலத்தின் வாயும் செல்லாது. அவருடைய வாய் செல்லும்.

அது கஷ்டமில்லை என்று பிறகு தெரிந்தது. மனேஜருக்கு ஒரு பழக்கம் இருந்தது, கசிப்பைவிட மோசமானது. அந்த நாட்டைப் புகழாமல் அவரால் அரை மணித்தியாலம் இருக்க ஏலாது. கனடாவில் வரி கட்டும்போதெல்லாம் அவருக்கு லிபியா இனிக்கும். நான் கோப்பிக் கோப்பையோடு அவருக்குப் பின்னால் நின்று ஒரு வருசம் கேட்டேன். எந்தச் சொல்லைத் தொட்டால் எந்தக் கதை வரும் என்று பழகிக்கொண்டேன். ரைல்ஸ் பதிக்கிறவனுக்குப் பொறுமை உண்டு. காய முதல் மிதிக்கக்கூடாது.

ஆண்டுப் பூசைக்கு அவருக்குப் போன் எடுத்தது நான்தான். "மனேஜர், நீங்கள் வந்தால்தான் திரேசாக்காவுக்கு மரியாதை," என்றேன். எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம், ஆண்டுச் சாப்பாட்டில் செத்தவரைத் தெரிந்த ஆள் நாலு வார்த்தை சொல்லுவார். அவருக்கு நாலு வார்த்தை எங்கே போதும். கட்டாயம் வாறன் என்றார்.

வந்தார். பனி தட்டி, சப்பாத்துக் கழற்றி, தன் மனுசியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து, சோபாவின் நடுவில் இருந்தார். முழங்கால் நோ. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. பாதர் செபம் சொன்னார். ஜெனிற்றா பரிமாறினாள்.

"உவங்கட ஆஸ்பத்திரி, பாதர்!" என்று மனேஜர் தொடங்கினார். "காலமை எமர்ஜென்சிக்குப் போனன், பொழுது பட்டாப் பிறகு கூப்பிடுறான். போன் எடுத்தால் பிரெஞ்சில பாட்டுப் போடுறான்."

"வேலைக்கு ஆக்கள் காணாது அங்கிள்," என்றாள் ஜெனிற்றா.

"உன்னைச் சொல்லேல்ல மகள். ராச்சியத்தைச் சொல்லுறன்."

"அங்க எப்பிடி மனேஜர்?" என்று கேட்டேன்.

என் மனுசி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஆட்களுக்குள் வாய் திறந்ததற்கு.

"அங்கயோ? நீயும் நிண்டனிதானே, சொல்லன்! எண்ணெய்க் காசைக் கொண்டந்து சனத்துக்குக் கொட்டினவன் அந்த மனுசன். ஆஸ்பத்திரி எண்டால் மாளிகை. பல்கேரியா டொக்டர், பாகிஸ்தான் டொக்டர். ஒரு சதம் இல்லை."

"எங்களைமாதிரி வெளிநாட்டுக்காரருக்கும் சும்மாவோ?"

"சும்மாதானடா! பாஸ்போட்டே கேக்கமாட்டான். வருத்தக்காரன் எண்டால் நேரே உள்ள. போன் எடுத்தால் அம்புலன்ஸ் காம்பு வாசலுக்கு வரும்."

குலம் எனக்கு எதிரே இருந்தான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினான்.

"போன் ஆரிட்ட இருந்தது?"

"என்ர கந்தோரில. வேற எங்க?"

"உங்களுக்கும் ஒரு ஒப்பறேசன் நடந்ததெல்லே?"

இந்தக் கதையை அவர் சொல்லாத ஞாயிறு இல்லை. கோழிக்குத் தவிடு போட்டமாதிரி ஓடி வந்தார்.

"ஏர்னியா, பாதர்! காலமைத் தேத்தண்ணியை ஊத்தி வச்சிருக்கிறன், பிடிச்சுது பாருங்கோ ஒரு நோ. தேத்தண்ணியை மேசையில விட்டிட்டுப் பிக்கப்பில ஏறினன். என்னை இறக்கிப்போட்டு ட்றைவர் உடுப்பெடுக்கக் காம்புக்குப் போட்டு வாறான். வந்து என்ன சொல்லுறான் தெரியுமோ? மனேஜர், உங்கட தேத்தண்ணி இன்னும் ஆறேல்லை எண்டு!"

பாதர் சிரித்தார். மனேஜரின் மனுசியும் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

"வயித்துக்குத்துக்கும் பாப்பாங்களோ?" என்றேன்.

"என்ன விசர்க் கேள்வி! குடல்வால் எண்டால் அவங்களுக்கு விளையாட்டு. வெட்டித் தைச்சு மூண்டாம் நாள் நடத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

இனி நான் கேட்க ஒன்றும் இல்லை. வாயை மூடினேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

ஜெனிற்றா ரசச் சட்டியோடு நின்றாள். அதை மேசையில் வைத்தாள்.

"அங்கிள்."

"என்ன மகள்?"

"என்ர அப்பாவுக்கும் வயித்துக்குத்துத்தானே?"

சுவரோரத்து ஹீட்டர் டிக் டிக் என்று சூடேறுவது கேட்டது.

"அது வேற பிள்ளை," என்றார் மனேஜர். "அது கசிப்பு."

"கசிப்புக் குடிச்ச ஆக்களை அந்த மாளிகையில எடுக்கமாட்டினமோ?"

"குடி தடை செய்த நாடு பிள்ளை. கொண்டு போனால் மறியல்."

"செத்தாப் பிறகு கொண்டு போனீங்கள்தானே?"

"பிள்ளை, நீ சின்ன ஆள்..."

"நோன், நோன்." கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சு வரும். குலத்தின் பக்கம் திரும்பினாள். "குலம் மாமா, எந்தப் பக்கம் குத்தினது?"

"வலப்பக்கம், கீழ," என்றான் குலம். "ரெண்டு நாள். காலை மடிச்சபடி கிடந்தார், நிமித்தேலாது. பேந்து சடாரெண்டு நோ நிண்டது."

அவள் கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"அப்பா குடிக்கிறவரோ?"

"நீ பிறந்த செய்தி வந்தண்டைக்கு மடுமாதாவுக்கு நேர்த்தி வச்சவர் பிள்ளை, தொடமாட்டன் எண்டு. நாங்கள் பகிடி பண்ணுவம். ஒரு துளி தொடேல்ல."

"அண்டைக்குப் பிக்கப் இல்லை!" மனேஜரின் குரல் உயர்ந்தது. "வெள்ளிக்கிழமை. பிக்கப் இல்லாமல் நான் என்ன தோளிலயோ காவுறது?"

"பிக்கப் எங்க போனது?"

கேட்டது அவருடைய மனுசி. அந்த அம்மாவை நான் என் கணக்கில் வைத்திருக்கவில்லை.

"நீர் சும்மா இரும்."

"தக்காளி பேஸ்ட் ஏத்தப் போனது அக்கா," என்றான் குலம். "எங்களுக்கு விக்க."

மனேஜர் பாதரைப் பார்த்தார். பாதர் தன் கைகளைப் பார்த்தார். மனேஜர் திரும்ப ஜெனிற்றாவிடம் வந்தார். "தூரம் பிள்ளை. நீ அந்த நாட்டைக் காணேல்ல. பாலைவனம். ஆஸ்பத்திரி எங்கயோ கிடந்தது."

"உங்களுக்குத் தேத்தண்ணி ஆறேல்லை," என்றாள் ஜெனிற்றா. "என்ர அப்பாவுக்குத் தூரமோ?"

திரேசாக்கா எழும்பி வந்தார். மனேஜரின் மடியில் பாதிச் சோற்றோடு இருந்த கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். எங்கள் சனத்தில், வீட்டுக்கு வந்தவர் தின்றுகொண்டிருக்கும்போது கோப்பையை எடுப்பதென்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"எழும்புங்கோ," என்றார்.

அவ்வளவுதான்.

மனேஜர் கதவடிக்கு வந்தார். சப்பாத்துப் போடக் கதிரையில் இருந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி. முழங்கால் மடங்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ வேணுமெண்டு கேட்டனி."

"ஓம்."

ஒரு சப்பாத்துக்குள் கால் போகவில்லை. குனிந்து பிடித்துவிட ஒரு நிமிசம் ஆகாது. நான் குனியவில்லை. அவருடைய மனுசி முன்னுக்கே படியிறங்கிப் போய்விட்டார். அவர் மூச்சிரைக்க இழுத்து, கட்டாமல், நாடா தரையில் இழுபடப் போனார். நான் யன்னலால் பார்த்தேன். பனியில் காரைத் துடைக்கும் மட்டும் பார்த்தேன். திரும்பி வந்து என் சோற்றைச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் பிறகு ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. கறி ஆறித்தான் இருந்தது.

பழி வாங்கினால் மனம் வெறுமையாகும் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிழமையே சவிரி அண்ணையின் படம் லாச்சியிலிருந்து சுவருக்கு வந்தது, மாதா சுருவத்துக்குப் பக்கத்தில். ஆணி அடித்தது நான். திரேசாக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார், நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய வியாழனுக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். இதைச் சொல்லவில்லை. பாவம் என்று தோன்றாததை எப்படிச் சொல்வது.

மனேஜர் எங்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்தினார். ஆட்கள் அவரை மனேஜர் என்று சொல்வதும் நின்றது. இப்போது அந்தப் பேர் ஒருவருக்கும் இல்லை. கோவிலும் இல்லை. விற்றார்கள், கோப்பி குடித்த மண்டபத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திரேசாக்கா கடவுளிடம் போய்விட்டார். குலம் ரொறன்ரோவுக்கு மாறினான். தலைவரும் போனார். அங்கே சண்டை நடந்த நாட்களில் ரீவியில் ஒரு மாடிக் கட்டடத்தைக் காட்டினார்கள், பக்கச் சுவர் இல்லாமல், உள் அறைகள் லாச்சிகள் மாதிரித் திறந்து கிடந்தன. குலம் போன் எடுத்தான். "நாங்கள் பதிச்ச ரைல்ஸ் மாதிரிக் கிடக்கு, பாத்தனியோ?" என்றான். பார்த்தேன் என்றேன். வெந்நீர்க் குழாயில் கையை வைத்து அழுத கிழவரின் ஞாபகம் வந்தது. அவருக்காக மனம் கஷ்டப்பட்டது. அவர் தலைவருக்குப் பயந்து அழவில்லை, தண்ணீர் சுட்டதால் அழுதார்.

ஆனால் ஒன்று மிஞ்சி இருந்தது. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு புரோசார்ட் பக்கத்தில் ஒரு கதை உலாவத் தொடங்கியது. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீற்றர், நடுவில் காவல் சாவடிகள், பாவம் மனுசன் என்ன செய்வார், தேத்தண்ணிக் கதை சும்மா பகிடிக்குச் சொன்னது. ஆட்கள் பாதி நம்பினார்கள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அங்கே இருந்த காலம் முழுக்க நான் அந்த றோட்டில் போனதே இல்லை. சவிரி அண்ணையைக் கொண்டு போனபோதும் எங்களை ஏற்றவில்லை.

மயிர் வெட்டின அன்று பின்னேரம் ஜெனிற்றா வீட்டுக்குப் போனேன். இப்போது இல்-பிசாரில் இருக்கிறாள், முழுத் தாதியாகி, மரம் நிற்கிற வளவோடு வீடு. பஸ் குறைந்த இடம், ஆனாலும் போவேன். குளியலறைத் தரை நான் பதித்தது. வீடியோக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து என் பக்கத்தில் இருந்தாள்.

"சித்தப்பா, கடல் எந்தப் பக்கம்?"

வானத்திலிருந்து எடுத்த படம். கடற்கரை வளைகிற இடத்தைக் காட்டினேன். மாடி வீட்டு வரிசை தெரிந்தது, பாதி நின்றது. அதற்குப் பின்னால் காம்பு இருக்கவேண்டும். கூடுகள் இல்லை, கேற் இல்லை, சாப்பாட்டுக் கொட்டகை இல்லை. வெறும் மணல், அதில் யாரோ கட்டத் தொடங்கிவிட்டு விட்ட ஒரு மதில். விரலை அதில் வைத்தேன். அவள் அங்கே ஒரு புள்ளி வைத்தாள். ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்குப் பேர் எழுதியிருந்தது. அங்கேயும் ஒரு புள்ளி வைத்தாள். நடுவில் நீலமாக ஒரு கோடு ஓடியது. நேர் றோட்டு.

அவள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அவள் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றாள். தோள் ஆடியது.

பிறகு என் கைபேசியை எடுத்தேன். புரோசார்ட் நம்பர் இன்னும் இருந்தது. மனேஜராக இருந்த மனுசன் உயிரோடுதான் இருக்கிறார், எண்பது தாண்டி, தனியாக. கன நேரம் அடித்தது.

"ஹலோ? ஆர்?"

குரல் கெட்டுப்போயிருந்தது. நான் பேர் சொல்லவில்லை. சுகமா என்று கேட்கவில்லை. தூரத்தை மட்டும் சொன்னேன்.

ஆறு கிலோமீற்றர்.